ஆம் என்றால் ஒன்று

“இந்த வாரம் வேலை செய்தீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்” என்றது தொலைபேசிக்குள் ஒரு பெண்குரல். வெர்னா ப்ருக்னிக் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை அழுத்தினாள். இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை முழுக்க சர்ச் கூடத்து அடுப்படியில் நின்று ஊருக்கே மீன் பொரித்துப் போட்டவள் வேறு எதை அழுத்துவாள்? மிஷிகனின் அந்தச் சின்ன ஊரில் கார்க் கதவு செய்யும் ஆலையை இழுத்து மூடிய பிறகும் அவள் கை சும்மா இருந்ததில்லை.

ஆலை மூடியதும் வேலை இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை தவக்காலத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தனியாக விண்ணப்பித்தால் இன்னும் சில மாதங்களுக்கு நீட்டித்துத் தருவார்கள் என்று சொன்னவள், ஆலையில் பக்கத்து மெஷினில் நின்ற ட்வைலா. விண்ணப்பித்தவர்களிடம் வாராவாரம் தொலைபேசியில் கேட்கும் கேள்விக்கு, முதல் வாரமே இந்த ஒன்று. பணத்தை நிறுத்திவைத்து விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நீட்டிப்பு இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு டெக்ஸாஸில் மகன் வீட்டோடு போய் ஒண்ட வேண்டியதுதான். மருமகள் பின்பக்கத்து அறைக்குப் பூப்போட்ட திரைச்சீலைகூட வாங்கிவிட்டாள். அந்தத் திரைச்சீலையை நினைத்தாலே வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அடிப்பாவி, ஒண்ணையா அமுக்கின? சம்பளம் வாங்கினாத்தான்டி அது வேலை!” என்று ட்வைலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்போ இத்தன வருஷமா நீ வீட்டுல பண்ணதெல்லாம் என்னடி, சினிமாவா?”

“வாய மட்டும் கொறைக்காத. அங்க போயி, வேலைன்னு கூப்பிட்டா உடனே போவேன்னு சொல்லு, அப்பத்தான் பணம் குடுப்பாங்க. வேற ஒரு வார்த்த பேசாத.”

வெர்னா ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிரித்துப் பழகாத முகத்தோடு அவளைப் பார்த்தார்.

“வேலை செஞ்சதா நீங்களே சொல்லியிருக்கீங்கம்மா. எங்க?”

“செயின்ட் ஹெட்விக் சர்ச்ல, ஸார். மீன் பொரிச்சேன்.”

“கூலி?”

“ஒரு டப்பா முட்டைக்கோஸ் சாலட். பாதர் குடுத்தாரு. அதுலயும் உப்பு இல்ல.”

அதிகாரி பேனாவை உருட்டினார். “சரி. நீங்க மீன் பொரிச்சிட்டு இருக்கறப்போ ஒரு கம்பெனில இருந்து உடனே வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டா, போயிருப்பீங்களா?”

ட்வைலா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இல்லாததைச் சொல்ல வெர்னாவுக்கு எந்தக் காலத்திலும் வராது.

“உடனேல்லாம் போயிருக்க மாட்டேன், ஸார்.”

அவர் நிமிர்ந்தார். திரைச்சீலையின் பூக்கள் ஒவ்வொன்றும் வெர்னாவின் கண்முன் வந்துபோயின.

“கொதிக்கிற எண்ணெய அப்படியே விட்டுட்டு எப்படி ஸார் போறது? சர்ச்சே பத்திக்காதா? அடுப்ப அணைச்சிட்டு, கரண்டிய ட்வைலா கையில குடுத்துட்டு, மாவுக் கையோடயே ஓடியிருப்பேன்.”

அந்த முகத்துக்கும் சிரிக்கத் தெரிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “எல்லாரும் கூலிக்கு வேலை செஞ்சிட்டு ரெண்ட அமுக்கித்தான்மா இங்க வந்து மாட்டுவாங்க. ஒண்ண அமுக்கி மாட்டினவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். நீட்டிப்பு உண்டு, போங்க. நிறுத்தி வச்சதும் சேர்ந்து வரும். இனிமே கூலிக்குச் செஞ்சா மட்டும் ஒண்ணு, சரியா?”

அந்த வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் ட்வைலா வாணலியைக் கரண்டியால் அடித்து, “கெடச்சிருச்சு! நம்ம வெர்னா எங்கயும் போகல!” என்று கத்தினாள். வரிசையில் தட்டோடு நின்ற ஆலைக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். வேலை போன நாளிலிருந்து குனிந்தே நடந்த வெர்னாவுக்கு அன்று கர்வத்தில் கழுத்து தானாக நிமிர்ந்தது. மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அந்தத் திரைச்சீலைய உன் ரூமுக்கே போட்டுக்கம்மா, உனக்குத்தான் பொருத்தமா இருக்கும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே பெண்குரல் அதே கேள்வியைக் கேட்டது.

“செஞ்சேன்டி. ஊரே சாப்பிட்டுச்சு” என்று உரக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய் தெறித்துக் கொப்பளித்திருந்த விரலால் வெர்னா இரண்டை அழுத்தினாள்.