மீரா உசேன் செவலையைக் குளிப்பாட்டிய நாள்

கண்ணுகளா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கும் இடம் விடுங்கள். மடியில் நாய்க்குட்டி வைத்திருப்பவர்கள் அதை இறக்கிவிட வேண்டாம், அதுவும் கேட்கட்டும். ஒரு மனிதர் பிரியத்தினாலேயே ஓர் உயிரைச் சாகக் கிடத்தியதையும், பிறகு அதை எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்பதையும் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், உங்களை அழவிட்டு அனுப்ப மாட்டேன்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலுமாக வைத்திருந்தவர் மீரா உசேன். தேங்காய் வியாபாரி. மனைவி சைத்தூன் பீவி. பிள்ளைகள் வளைகுடாவில். வீடு ஊருக்குள், தோப்பு ஊருக்கு வெளியே. அந்தத் தோப்புக்குக் காவல் ஒரு பெட்டை நாய். காவி மண்ணின் நிறத்தில் இருந்ததால் அதற்குச் செவலை என்று பெயர்.

கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில், விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே மீரா உசேன் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அப்போது ஒரு மட்டைக்கு அடியிலிருந்து நடுங்கிக்கொண்டே வெளியே வந்த குட்டிதான் செவலை. புதிதாக நட்ட கன்றுகளோடு அதுவும் வளர்ந்தது.

ஆனால் அவர் அதைத் தொட்டதில்லை. அவர்கள் வழக்கப்படி தோப்புக் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாம், வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவது நன்மையும்கூட. ஆனால் நாயின் ஈரம் மேலே பட்டால் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். அப்படிக் கழுவாமல் தொழ முடியாது. அவரோ ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். அதனால் சோற்றை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வார். செவலையும் அதைப் புரிந்துகொண்டு நாலடி தள்ளியே உட்காரும்.

பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. "நேத்து அப்புடிக் கொலைச்சியே, மரநாய் வந்துச்சா, இல்ல மாப்பிள்ளை எவனும் வந்தானா?" என்று கேட்பார். செவலை வாலால் தரையைக் கூட்டும். வீட்டில் அவர் பேசுவதைவிடத் தோப்பில் பேசுவதுதான் அதிகம் என்பது சைத்தூன் பீவியின் புகார்.

குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாம் தோப்பில் வேலை பார்த்த ஐயாவுதான். செவலையைக் காலிடுக்கில் கிடத்திக்கொண்டு காதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்ததும் ஐயாவு மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனார். போனவர் பேரப்பிள்ளையை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். வெயில் ஏற ஏறச் செவலை மேல் உண்ணியும் ஏறியது. காது மடலுக்குள் ஆமணக்கு விதைகளை ஒட்டவைத்தது போலக் கொத்துக்கொத்தாக இருந்தன. போதாததற்குத் தெள்ளுப்பூச்சி வேறு. சோற்றில் வாய் வைக்கும், பாதியில் விட்டுவிட்டுச் சொறியும். சொறிந்த இடத்தில் முடி போய்ப் புண்ணாகிவிட்டது.

மீரா உசேனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தொடவும் மனம் வரவில்லை. அப்போதுதான் அவர் கண் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரேயர் மேல் போனது. முதுகில் மாட்டிக்கொண்டு நெல்லுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்தான். அதில் நீளமான குழல் இருந்தது. மூலையில் சம்பாவுக்கு வாங்கியதில் மிச்சமான பூச்சிமருந்தும் இருந்தது. உண்ணியும் பூச்சிதானே, பயிருக்கு அடிக்கிறதை இதற்கும் அடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாலடி தள்ளி நின்றபடியே வைத்தியம் ஆகிவிடும். கொஞ்சமாகக் கலந்தால் வேலை செய்யாது என்று தாராளமாகவே கலந்தார்.

"வாடி, செத்த நேரம் அசையாம நில்லு. இந்தா ஆச்சு."

செவலை நின்றது. குழல் தன் பக்கம் நீண்டதும் வாலை ஆட்டியது. காதுக்குள்ளும் வயிற்றுக்கு அடியிலும் கால் விரல்களுக்கு இடையிலும் அவர் நனைய நனைய அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை. வேறு யாராவது அப்படிக் குழலை நீட்டியிருந்தால் கடித்திருக்கும்.

அவர் கை கழுவிவிட்டு வந்தபோது செவலை உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. உண்ணிகள் உதிர்வதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் செவலையின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. பின்னங்கால்கள் நடுங்கின. எழுந்து அவரை நோக்கி நாலைந்து எட்டு வந்து, முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் உடம்பு முழுக்கத் தசை துடித்தது.

மீரா உசேன் லோடு ஆட்டோ ஓட்டும் துரைராசுவுக்குப் போன் அடித்தார்.

"துரைராசு, எங்க இருக்கே? ஒடனே தோப்புக்கு வா. செவலை விழுந்து கெடக்குது."

"ஐயய்ய. என்ன பாய், பாம்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள். ஆனால் உள்ளதையே சொன்னார். "பாம்பு இல்லப்பா. நான்தான். உண்ணிக்குன்னு நெல்லு மருந்த அடிச்சுப்புட்டேன்."

துரைராசு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஒரத்தநாட்டு டாக்டரம்மா நம்பர் என்கிட்ட இருக்கு, என் ஆட்டுக்குப் பாத்தவங்க. அனுப்புறேன், பேசுங்க. நான் லோடு எறக்கிட்டு வந்துர்றேன்."

டாக்டர் மலர்க்கொடி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவர். அவர் குரலில் பதற்றம் இல்லை. "என்ன மருந்துன்னு டப்பாவப் பத்திரமா எடுத்துட்டு வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி நாயக் குளிப்பாட்டுங்க. சோப்புப் போட்டு, நெறைய தண்ணி விட்டு. அது இப்பவும் தோல் வழியா உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு."

"ஆட்டோ வந்துரட்டும்மா. துரைராசு வந்துட்டான்னா அவன்..."

"அதுவரைக்கும் பொறுக்காதுங்க ஐயா. கையில பிளாஸ்டிக் பையக் கட்டிக்குங்க, உங்களுக்கும் ஆகாது அது. நக்க விடாதீங்க. பாலு, மோரு, எண்ணெய்னு வாயில எதையும் ஊத்திராதீங்க. அங்க யாரு இருக்கா?"

மீரா உசேன் தோப்பைச் சுற்றிப் பார்த்தார். மரங்கள்தான் நின்றன.

"யாரும் இல்லம்மா," என்றார். பிறகு, "நான் இருக்கேன்," என்றார்.

மோட்டாரைப் போட்டார். சட்டையைக் கழற்றி எறிந்தார். ரஸ்க் வாங்கி வந்த பைகள் இரண்டைக் கைகளில் மாட்டி மணிக்கட்டில் கயிற்றால் சுற்றிக்கொண்டார். அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிவிட்டுச் செவலையின் பக்கத்தில் மண்டியிட்டார். கையை வைக்க ஒரு நொடி கூச்சமாகத்தான் இருந்தது. வைத்த பிறகு கூச்சத்துக்கு நேரம் இருக்கவில்லை.

செவலையை இழுத்துக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே கிடத்தி, மூக்கில் தண்ணீர் போகாமல் தலையைத் தன் முழங்கை மேல் தாங்கிக்கொண்டு, குளிக்கிற சோப்பால் தேய்த்தார். நுரை வெள்ளையாக வழிந்து ஓடியது. மறுபடி தேய்த்தார். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ, இடது கையில் மாட்டியிருந்த பை கிழிந்துபோனது. வேறு பை எடுக்க எழுந்தால் தலை கீழே விழுந்துவிடும். அவர் எழவில்லை. வெறும் உள்ளங்கையின் கீழே விலா எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்குள் சின்னதாய் ஏதோ படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குட்டியிலிருந்து பார்த்து வளர்த்த ஜீவன், ஆனால் அதன் உடம்புச் சூடு எப்படி இருக்கும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போயிராதடி," என்றார். "நான் செஞ்ச தப்புக்கு நீ போயிராத."

துரைராசு வந்து இறங்கியவன் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "பாய், நீங்களா? விடுங்க, நான் பின்னாடி வச்சுப் புடிச்சுக்கிறேன். நீங்க முன்னால ஏறுங்க."

"வண்டிய யாரு ஓட்டுறது, உங்க அப்பனா? ஏறு."

ஒரத்தநாடு போய்ச் சேரும்வரை செவலையின் தலை அவர் மடியில்தான் இருந்தது. எச்சில் அடைத்துவிடாமல் வாயைச் சாய்த்துப் பிடித்துத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். மேட்டில் ஏறும்போது, "மெதுவாப் போடா," என்பார். சமதளத்தில், "என்னடா மாட்டு வண்டியா ஓட்டுற?" என்பார். துரைராசு இரண்டுக்கும் சரி என்றான்.

டாக்டர் மருந்து டப்பாவைப் படித்துப் பார்த்தார். செவலையின் கண்பாவை கடுகு அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் காட்டினார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, இன்னும் ஒரு தரம் ஊசி போட்டார்.

"பொழைச்சுக்குமாம்மா?"

"நீங்க கழுவிட்டு வந்ததால தெம்பா முயற்சி பண்றேன். இப்பவே சொல்ல முடியாது. சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம்."

மீரா உசேன் வெளியே வந்து குழாயடியில் நின்றார். காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் குழைத்துக் கை, முழங்கை, மடி என்று தேய்த்தார். பிறகு ஒவ்வொரு தரமாக எண்ணிக் கழுவினார். துரைராசு ஓடிப்போய்க் கைலி ஒன்று வாங்கி வந்தான். அதைக் கட்டிக்கொண்டு, தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்து, வேப்ப மர நிழலில் துண்டை விரித்துத் தொழுதார். தொழுகை முடிந்து அவர் கையேந்திக் கேட்ட துஆ அன்றைக்கு நீளமாக இருந்தது.

டாக்டர் வாசலுக்கு வந்தவர், மீரா உசேன் தொழுது முடித்து எழும்வரை காத்திருந்தார்.

"உங்க வழக்கத்துல நாயத் தொடக்கூடாதுல்ல ஐயா? கஷ்டப்படுத்திட்டேனோ?"

"தொடக்கூடாதுன்னு யாரும்மா சொன்னா? தொட்டா கழுவணும். அவ்வளவுதான். நான் கழுவுறதுக்குச் சோம்பப்பட்டுதான் ஸ்பிரேயரத் தூக்குனேன். அத நெனைச்சாத்தான் நெஞ்சு அடைக்குது." துண்டை உதறி மடித்தார். "அப்ப உண்ணிக்கு என்னதாம்மா பண்றது?"

"நாய்க்குன்னே மாத்திரை இருக்கு, முதுகுல சொட்டு விடுற மருந்தும் இருக்கு. எடையையும் வயசையும் பாத்து நான் எழுதித் தர்றதை மட்டும் குடுங்க. பயிரு மருந்து, மாட்டு மருந்து எதையும் இதுங்க மேல ஊத்தாதீங்க. நாய்க்கு எழுதுனத பூனைக்குப் போட்டாலும் ஆபத்துதான். கண்ணுல படுற உண்ணிய இடுக்கியால தோல ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்துருங்க. விரலால நசுக்க வேணாம். ஆமா, இது படுக்குறது எங்க?"

"தேங்கா மட்டக் குவியல்ல. அதுதான் அதுக்கு மெத்தை."

"உண்ணிக்கும் அதுதான் மெத்தை. முட்டை பூராவும் அந்த இடுக்குலதான் இருக்கும். குவியல அள்ளிட்டு, வெயில் படுற எடமாப் பாத்துப் படுக்க வைங்க. சாக்கக் கொதிதண்ணில அலசிப் போடுங்க. இல்லேன்னா எத்தன மாத்திரை குடுத்தாலும் திரும்ப ஏறும்."

வெயில் இறங்கியபோது உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். செவலை தலையைத் தூக்கியிருந்தது. நடுக்கம் அடங்கியிருந்தது. மீரா உசேனைப் பார்த்தது, வாலின் நுனி மட்டும் ஒரு தரம் அசைந்தது. இன்னும் பார்க்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். மீரா உசேன் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். துரைராசு கூரையைப் பார்த்தான்.

அவர் வீடு திரும்பியபோது வாசலில் சைத்தூன் பீவி வாளித் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் மண்ணும் வைத்துக்கொண்டு நின்றார். துரைராசு போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அங்கயே கழுவிட்டேன் புள்ள."

"நான் ஊத்தாம கழுவுனதெல்லாம் ஒரு கழுவா? கைய நீட்டுங்க." தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "நிக்காஹ் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு தடவை முதுகு தேச்சு விட்டிருப்பீங்களா? அவளுக்கு மட்டும் வாசனைச் சோப்பு."

மீரா உசேன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சைத்தூன் பீவி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

செவலை பிழைத்துத் தோப்புக்கு வந்தது. உடம்பு தேறியது, ஆனால் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. மீரா உசேன் கையில் எதை எடுத்தாலும், அது மண்வெட்டியாக இருந்தாலும் குடையாக இருந்தாலும், எழுந்து தூரமாய்ப் போய்விடும். கூப்பிட்டால் வராது. அவர் போன பிறகுதான் சோறு தின்னும். அவருக்கு அது ஊசியாகக் குத்தியது. ஆனாலும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மட்டைக் குவியலை ஆள் வைத்து அள்ளினார். சாக்கை அலசினார். மாத்திரையை வறுத்த மீனுக்குள் வைத்துத் தட்டில் போட்டுவிட்டு, அது தின்று முடிக்கிற வரைக்கும் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு தினமும் வெறுங்கையோடு வந்து வரப்பில் உட்கார்ந்தார். தேங்காய் விலையைச் சொன்னார். சைத்தூன் திட்டியதைச் சொன்னார். மகன் அனுப்பிய போட்டோவைப் பற்றிச் சொன்னார்.

ஒரு மாலை சைத்தூன் பீவியும் கூட வந்திருந்தார். மீரா உசேன் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியை மடியில் வைத்து, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். செவலை தூரத்திலிருந்து பார்த்தது. எழுந்தது, நின்றது, வந்தது. எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டி வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. அவர் மூச்சுவிடவும் யோசித்தார். மெல்லக் காதைப் புரட்டினார். உள்ளே ஒரே ஒரு உண்ணி, வற்றிப்போய். நேராக இழுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

செவலை காதைக் காட்டியபடியே இருந்தது.

"இன்னொரு காதையும் பாருங்க," என்றார் சைத்தூன் பீவி. "நான் போய் மண்ணு எடுத்துட்டு வர்றேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உலை கொதிக்கிற சத்தம் என்றைக்கும் கேட்கட்டும். தூரதேசம் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வரட்டும். உங்களை நம்பி வாசலில் சுருண்டு கிடக்கிற ஜீவன் அரிப்பும் காய்ச்சலும் இல்லாமல் தூங்கட்டும். அதைத் தடவிக்கொடுக்கிற கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.