அம்மா தூங்கட்டும்

ஜவாதின் அம்மா குவெட்டாவில் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஆஸ்திரேலியாவில், டான்டினாங் கடைத்தெருவில் ரொட்டி சுடுகிறவரிலிருந்து முடி வெட்டுகிறவர் வரை ஹசாரா இனத்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஜவாதுக்கு மட்டும் தெரியாது. பதினாறு வயது, படகில் தன்னந்தனியாக அந்த நாட்டுக்கு வந்தவன். அவனைப் போலவே வந்து சேர்ந்த வேறு சில பையன்களோடு ஒரே வீட்டில் இருந்தான். உளறிவிடுவார்கள் என்று அவர்களிடமும் யாரும் சொல்லவில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்வது ராஹிலாவின் வேலை. அவளும் ஹசாராதான்.

"பரீட்சை முடியட்டும்மா, அதுவரைக்கும் அம்மா சீக்கா இருக்கா, தூங்குறான்னே சொல்லிக்கிறேன்," என்று ஜவாதின் தாய்மாமா காதிம் குவெட்டாவிலிருந்து போனில் கெஞ்சினார். "தூரத்துல இருக்கிற புள்ளைக்குச் சாவுச் சேதிய உடனே சொல்றது நம்ம வழக்கமா? அங்க அவனைத் தாங்கிப் பிடிக்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீ சம்பளத்துக்கு இருக்க."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவளுக்கு அந்த வழக்கத்தின் மேல்தான் கோபம். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். கறுப்பு அங்கி மாட்டி எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டச் சொல்லி குவெட்டாவுக்கு அனுப்பினாள். "பார்த்தார், கண்ணு கலங்கிட்டார்," என்றாள் சித்தி. அப்பாவைப் புதைத்து அப்போது மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கேட்டால் அன்பாம்! அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் எந்தப் பொய்யையும் பிள்ளைகளுக்கு ஊட்டலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மற்ற பையன்கள் கால்பந்து விளையாடப் போயிருந்தார்கள். ஜவாத் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"சும்மா நிக்காம உருளைக்கிழங்கை உரிங்கக்கா. பட்டம் வாங்கிட்டா கை வணங்காதா?"

ராஹிலா கத்தியை வாங்கி வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"உங்கம்மா இறந்துட்டாங்கடா ஜவாத். நிமோனியா. போன மாசம்."

அவன் அழவில்லை. அவள் தடுப்பதற்குள் போனில் மாமாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"மாமா, அம்மா எந்திரிச்சிட்டாங்களா?"

"இப்பத்தான் கண்ணு, மருந்து குடிச்சிட்டுத் தூங்குறா. உன்னை நல்லாச் சாப்பிடச் சொன்னா." கடைசி வார்த்தையில் காதிமின் குரல் உடைந்தது. இருமி மறைத்தார்.

ராஹிலா வாயைத் திறந்தாள். ஜவாத் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான்.

"எழுப்பாதீங்க மாமா. தூங்கட்டும்."

போனை வைத்தான்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு மாமாகிட்ட ஏண்டா சொல்லல?"

"கூடப் பொறந்தவளைப் புதைச்சிட்டு எனக்காக இருமிக்கிட்டு இருக்காருக்கா. நான் அழறதைக் கேட்டா இடிஞ்சு போயி அங்கயே உக்காந்துருவாரு. அங்க இருக்கிற என் தங்கச்சிக்கு இப்ப அவரை விட்டா யாரு?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியும்னு கடைத்தெருவுல மூச்சு விட்றாதீங்க. பாத்திஹா ஓதக் கூட்டமா வந்துருவாங்க. மாமா காதுக்கு அன்னிக்கே போயிரும்."

நீ அழ வேண்டும் என்றுதானே சொன்னேன் என்று சொல்ல நினைத்தாள். அவள் கொடுத்த உண்மையை அவன் இன்னொரு பொய்யாக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டான்.

"அல்வாவாவது கிண்டலாம்கா," என்றான்.

அவர்கள் வழக்கப்படி, சாவு வீட்டு அல்வாவைத் தின்கிறவர்கள் போனவர்களுக்காகப் பாத்திஹா ஓத வேண்டும். அவனே மாவை எண்ணெயில் வறுத்தான். சர்க்கரை போட்டான், ஏலக்காய் தட்டிப் போட்டான். கிண்டும்போதுதான் அவன் முதுகு குலுங்கியது. கரண்டி மட்டும் நிற்கவே இல்லை.

பையன்கள் சேற்றுக் காலோடு உள்ளே வந்தார்கள். "டேய், அல்வா வாசம்! என்னடா விசேஷம், லைசன்ஸ் வாங்கிட்டியா?" என்றான் யாவர்.

"இவனுக்கா? பிரேக்குக்கே கால் எட்டாது," என்றான் இன்னொருவன்.

"சும்மாதான். தின்னுங்கடா," என்றான் ஜவாத்.

விரலை நக்கி நக்கித் தின்றார்கள். ஒருவனும் ஓதவில்லை; யாருக்கென்று ஓதுவான்? ஜவாத் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஹிலா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைடா," என்று யாவர் தட்டை நீட்டினான். ஜவாத் வைத்தான்.