ஆறு வீட்டுச் சாவியும் ஓர் இடது காலும்

என் இடது காலில் வலி குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், எலும்பின் உள் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு இடம் பிடித்துக்கொண்டது. முதல் மாதம் ஓட ஆரம்பித்ததும் வரும், உடம்பு சூடானதும் போய்விடும். இரண்டாவது மாதம் ஓடி முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது மாதம் எனக்கு முன்பே எழுந்து, பல் விளக்கி, கட்டில் ஓரத்தில் தயாராகக் காத்திருந்தது. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். ஒரு நாள்கூட அவ்வளவு ஒழுங்காக எழுந்ததில்லை.

அறுபத்தேழு வயதில் எதற்கு ஓடுகிறீர்கள் என்று மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பான். சுகருக்கு என்பேன். எனக்குச் சுகர் கிடையாது. ஆனால் சுகர் என்று சொன்னால் பிள்ளைகள் மேற்கொண்டு கேட்பதில்லை.

உண்மைக் காரணம் பூங்காவின் கேட்டில் இருந்தது. மனைவி போன பிறகு வீட்டில் பேசுகிற பொருள் பிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் அரை மணிக்கு ஒருமுறை ஒரே விஷயத்தைத்தான் சொல்லும். ஒரு காலையில் கால் போன போக்கில் பூங்காவுக்குப் போனேன். ஆறு பேர் ஓடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, பல் டாக்டர், பேக்கரி வைத்திருக்கிற புயல், இன்னும் மூன்று பேர். புயல் என்பது வேகத்துக்காக நாங்கள் வைத்த பெயர். ஆளைப் பார்த்தால் புயலில் சாய்ந்த மரம் மாதிரி இருப்பார். அவர்கள் எல்லோருக்கும் ஒரே சங்கடம்: ஓடும்போது சாவிகள் பாக்கெட்டில் குலுங்குகின்றன. என் இடுப்பில் வேலைக் காலத்துத் தோல் பை இருந்தது. ஸ்பானர் வைக்கிற பை. பழக்கதோஷத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணே, இதுல போட்டுக்கிறீங்களா?" என்றார் நர்ஸம்மா.

போட்டுக்கொண்டேன். அன்றைக்கே என் வாழ்க்கை சரியாகிவிட்டது. அவர்கள் பூங்காவை நாலு சுற்று ஓடுவார்கள். நான் இரண்டு சுற்று ஓடுவதற்குள் அவர்கள் முடித்துவிடுவார்கள். முடித்து என்ன பண்ணுவது? சாவி என் இடுப்பில் இருக்கிறது. கேட் பக்கத்தில் நின்று எனக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும்போது பேச்சு தொடங்கும். நான் வந்து சேரும்போது அது நல்ல சூட்டில் இருக்கும். நான் சாவியை ஒவ்வொன்றாக, மிக நிதானமாக எடுத்துக் கொடுப்பேன். இந்தச் சாவி யாருது, டாக்டருதா, இல்ல உங்களுதா என்று தடவுவேன். முப்பத்தெட்டு வருஷம் இருட்டில் நட்டு போல்ட்டை விரலாலேயே அடையாளம் கண்டவனுக்கு ஆறு சாவி தெரியாதா என்று ஒருவரும் கேட்டதில்லை. கால் மணி நேரம் கிடைக்கும். அந்தக் கால் மணி நேரத்தை வைத்து மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்தை ஓட்டிவிடுவேன்.

அதனால்தான் வலியைச் சொல்லவில்லை. சொன்னால் ஓடாதே என்பார்கள். பையை வேறு யாராவது கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் நொண்டுவதை மறைக்க முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். ஒருநாள் கேட்டில் அவற்றில் மூன்று நேருக்கு நேர் சந்தித்துவிட்டன.

"மாடிப்படி உதைச்சிடுச்சுன்னு சொன்னாரே," என்றார் புயல்.

"எங்கிட்ட பக்கத்து வீட்டு நாயோட பந்தயம் ஓடினதா சொன்னார்," என்றார் நர்ஸம்மா. "இவர் ஜெயிச்சாராம், அதுக்குப் பொறுக்கலையாம்."

பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு யானை. நாப்பது வருஷம் முன்னாடி சர்க்கஸ்காரர் ஒருத்தர் குட்டி யானையோட லிஃப்ட்ல ஏறினாராம். அது இவர் பாதத்தை மிதிச்சிருக்கு. வலி மெதுவா மேல ஏறி இப்பத்தான் முழங்கால் பக்கம் வந்திருக்காம்."

"பழைய மாடல் லிஃப்ட்டு, டாக்டர். மெதுவாத்தான் ஏறும்," என்றேன்.

"அப்போ படி, நாய், யானை மூணும் ஒரே கால்லயா?"

"இடது கால் கொஞ்சம் இளகின மனசு."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா மட்டும் சிரிக்காமல் குனிந்து, கட்டை விரலால் என் எலும்பின் ஓரமாக அழுத்திக்கொண்டே போனார். மனிதக் கை பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்ததால் கத்த மறந்துவிட்டேன். "நீளமா வலிக்குதா, ஒரே புள்ளியில வலிக்குதா?" என்று கேட்டார். "ஒரே புள்ளின்னா எலும்பு விரிசல் விடுதுன்னு அர்த்தம். ஒழுங்கா பிசியோவைப் போய்ப் பாருங்க. நான் நாளைக்குக் கேப்பேன்."

கேட்பார். பொல்லாத மனுஷி. போனேன்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். மேஜை மேல் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக் கால் ஒன்று; அதற்கு வலியே இல்லை என்பது முகம் இல்லாமலே தெரிந்தது. அவள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுறீங்க ஐயா?"

ஆறு நாள். "ஒரு நாள்," என்றேன்.

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "வாரத்துக்கு ஒரு நாள் ஓடுறவங்களுக்கு இது வராதே. திடீர்னு அதிகமா ஓடினா, இல்ல ஓய்வே இல்லாம ஓடினாத்தான் வரும்." என் ஷூவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். "இவ்வளவு தேஞ்சிருக்கு."

"அது என் தம்பியோட ஷூ. அவன் தபால்காரன்."

எனக்குத் தம்பி கிடையாது. அவள் ஷூவைக் கீழே வைத்தாள். ஒரு காலில் குதிக்கச் சொன்னாள். இடது காலில் மூன்று முறை குதித்தேன். மூன்றாவது குதியில் காலமான பெரியப்பா கண்ணில் தெரிந்தார். "வலிக்குதா?" "கொஞ்சம்கூட இல்லம்மா." "கண்ணுல தண்ணி வருதே." "வயசாச்சு, அது தானா வரும்."

பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அந்த ஐஸால் எலும்பு ஓரமாகப் பத்து நிமிஷம் தேய்க்கச் சொன்னாள். படி விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றச் சொன்னாள். கால் விரல்களால் தரையில் கிடக்கிற துண்டைச் சுருட்டச் சொன்னாள். "வாரத்துக்கு ஒரு நாள்தானே, மெதுவா ஓடிக்கோங்க. அதிகமாச்சுன்னா உடனே வாங்க," என்றாள். நான் சொன்ன பொய்க்கு அவள் கொடுத்த அனுமதி அது. அதை வைத்துக்கொண்டு ஆறு நாளும் ஓடினேன்.

சாயங்காலங்களில் சமையலறையில் உட்கார்ந்து ஐஸ் தேய்ப்பேன். துண்டைச் சுருட்டுவேன். மனைவி இருந்திருந்தால், துண்டைக் காலால் எடுக்கிற அளவுக்குச் சோம்பேறித்தனமா என்று கேட்டிருப்பாள். பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்க ஆள் இல்லாததால் பிரிட்ஜிடம் சொன்னேன்.

மழை வந்த செவ்வாய்க்கிழமை இரண்டாவது சுற்றில் கால் நின்றுவிட்டது. பூங்காவின் பின்பக்கம், பம்ப் அறைக்கு எதிரே. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் பாருங்கள், அப்படி. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. ஒரு சாண் நீளத்துக்கு இருந்த வலி, இப்போது ஒரு பொத்தான் அளவு இடத்தில் மொத்தமாகக் கூடியிருந்தது. நடந்து பார்த்தேன். நாலாவது அடியில் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இடுப்பில் ஆறு வீட்டுச் சாவி. போன் வீட்டில், ஓடும்போது எனக்கு யார் பண்ணப்போகிறார்கள்? தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகுதான் உறைத்தது. நான் மெதுவாகத்தான் வருவேன் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு மனிதனை அவ்வளவு நம்பினால், அவன் செத்துக் கிடந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் தேடுவார்கள். மழையில் ஆறு பேர் கேட்டில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள், நான் இங்கே அவர்களுடைய வீடுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது நிமிஷம்.

கடைசியில் புயல் ஓடி வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒரு தவளை..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, நர்ஸம்மாவுக்கு டூட்டி ஆரம்பிச்சாச்சு. டாக்டருக்கு ஆள் நாற்காலியில வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காம். எனக்கு அடுப்புல ரொட்டி கருகுது. பையைக் குடுங்க, நான் வேன் எடுத்துட்டு வர்றேன்."

என் வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் ஓடினார். எத்தனையோ வருஷமாகக் கட்டியிருந்த இடுப்பு காலியாக இருந்தது. சொன்னபடி வேனோடு வந்து என்னை ஏற்றினார். கேட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. வேன் முழுக்க ரொட்டி வாசனை.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் பாதி வழியில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தவளையும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவரே பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு சாவியும் இல்லை. கேட் கம்பியில் நம்பர் பூட்டுப் போட்ட ஒரு சின்ன இரும்புப் பெட்டியை மாட்டியிருக்கிறார்களாம். "நீங்க சிரமப்பட வேணாம்ணே, நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் சிக்கல். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்; அதில் ஒரு கால் மணி நேரம் போயிருக்கும்.

பிசியோ பெண் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்கவைத்தாள். விரிசல் விழவில்லை, விழுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி அதே தாளை எடுத்தாள்.

"ஐயா, இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க. உங்க தம்பி தபால் போடட்டும், பரவாயில்ல. வாரத்துக்கு எத்தனை நாள்?"

"ஆறு."

எழுதினாள். "வலி எப்போ அதிகமாகுது?"

"வீட்டுக்குப் போனப்புறம்."

"எப்போ குறையுது?"

வாயில் இரண்டு கதைகள் வந்து நின்றன. ஒன்றில் ஒட்டகம்கூட இருந்தது. இரண்டையும் விழுங்கினேன். "கேட்டுல அவங்ககூட நிக்கும்போது," என்றேன்.

அவள் அதை எழுதவில்லை. பிளாஸ்டிக் காலைச் சரியாகத் திருப்பி வைத்தாள். "ஆறு வாரம் ஓடவே கூடாது," என்றாள். "நிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. நிக்கறதுக்கு ஓட வேண்டாமே ஐயா."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். சாவி இல்லாதவனுக்குக் கேட்டில் என்ன வேலை? நாலு நாள் துண்டைச் சுருட்டினேன். ஐந்தாவது நாள், அவர்கள் ஓடி முடிக்கிற நேரம் பார்த்து, மெதுவாக நடந்து போய்க் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதலில் புயல் வந்தார். நாலு எண்ணை அமுக்கினார், சாவியை எடுத்தார். "அண்ணே, கால் பரவாயில்லையா? அடுப்பு..." என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்துப் பல் டாக்டர், கையை ஆட்டினார். மற்ற மூவரும் தனித்தனியாக வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். ஒருவர் வரும்போது முன்னால் வந்தவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

கடைசியாக நர்ஸம்மா. சாவியை எடுத்துப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப யாரும் நிக்கிறதில்லண்ணே. டாக்டர் பேசியே நாலு நாளாச்சு."

"பெட்டி நல்ல வேலைக்காரன். நொண்டறதில்ல."

"கால் எப்படி? இன்னிக்கு எந்த மிருகம்?"

"வலிக்குதும்மா," என்றேன். "ஆறு வாரம் ஓடக்கூடாதாம். வீட்டுல இருக்க முடியல. அதான் வந்தேன்."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றித் தட்டினார். கல் ஒன்றும் விழவில்லை.

"இருபது நிமிஷம் இருக்கு எனக்கு," என்றார். "ஏதாவது சொல்லுங்க. வீட்டுக்குப் போனா நானும் சுவரைத்தான் பாக்கணும்."

சொன்னேன். பதினேழாவது மாடிக்கு லிஃப்ட்டில் ஏறிய ஒட்டகம் கீழே வர மறுத்து, கடைசியில் அந்த மாடியிலேயே வாடகைக்கு இருந்த விவரம். அவர் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மூக்கால் சிரித்தார். இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டாவது நிமிஷம் எழுந்தார்.

"நாளைக்கு எனக்கு டபுள் டூட்டி, வரமாட்டேன்," என்றார். "வியாழக்கிழமை வருவேன்."

அவர் போனதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, கால் எந்த அடிக்குச் சம்மதிக்கிறதோ அந்த அடியை வைத்து, வீட்டுப் பக்கம் நடந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு புதன் இருந்தது.