காயாத தரை

"செருப்போடயே வாங்க, பரவாயில்ல, உள்ள வாங்க!" என்று மகள் அறை வாசலில் நின்றபடி கத்தினாள். வெளியே மழை. செருப்பெல்லாம் சேறு. அவள் கூப்பிட்டும் தெருவாசலில் நின்ற யாரும் நகரவில்லை. அந்தக் கூடத்தில் செருப்போடு நுழைந்து, டைல்ஸ் மேஸ்திரியான அவள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் தெருவிலேயே கிடையாது.

அவளுக்குப் பின்னால், அறைக்குள், அம்மாவின் உடல் கிடந்தது.

நேற்றுக் காலை அப்பா தரையைத் தேய்த்துக் கழுவி, டைல்ஸ் இடுக்குகளில் அழுக்கு ஏறாமலிருக்க சீலர் பூச்சு பூசினார். "சாயங்காலம் வரைக்கும் கால் வெக்காத. வெச்சா தடம் நின்னுடும்" என்றார். அம்மா அறைக்குள்ளிருந்து, "என்னை எதுக்குக் கட்டுனீங்க? இந்தத் தரையையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்று சிரித்தாள். அப்பாவும் மகளும் வேலைக்குக் கிளம்பினார்கள்.

நெஞ்சுவலி மாத்திரையும் போனும் கூடத்து அலமாரியில் இருந்தன. மகள் திரும்பி வந்தபோது, அம்மா அறை வாசல் நிலையில் சாய்ந்து, காலை உள்ளே மடக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தாள்.

விடிந்ததிலிருந்து அப்பா டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார்.

"எங்கயும் தடம் இல்லம்மா. அப்ப வலி வந்ததும் பட்டுனு போயிட்டா, இல்ல? எழுந்திருக்கவே நேரமில்ல. தடம் இருந்தாத்தான்..." டார்ச்சை அடுத்த இடுக்குக்கு நகர்த்தினார்.

"ஆமாப்பா, பட்டுனுதான்."

ஆனால் தடம் இருந்தது. அம்மாவின் ஒரு கட்டைவிரலும் கொஞ்சம் முன்பாதமும். அறை வாசலை ஒட்டிய முதல் டைல்ஸில். வைத்து, எடுத்த தடம். அடிப்பாவி, தரை பாழானால் என்ன என்று நடந்து வந்திருக்கக் கூடாதா? அந்தத் தடத்தின் மேல்தான் மகள் விடிந்ததிலிருந்து நிற்கிறாள்.

ஒருவழியாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். கூடமெல்லாம் சேறானது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதற்குள் அப்பா வாளியும் துணியுமாக வந்துவிட்டார்.

"விடுங்கப்பா, அப்புறம் பாத்துக்கலாம்!"

"அவளைத் தூக்கிட்டுப் போற வழிம்மா. எவனாவது வழுக்கிட்டா?"

மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே அவர் அறை வாசலுக்கு வந்தார்.

"காலை எடும்மா."

அவள் எடுக்கவில்லை. அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்கவில்லை. அவள் பாதங்களைச் சுற்றி மெதுவாகத் துடைத்துவிட்டு, துணியை வாளியில் போட்டார்.