இடது பக்கத்து எஞ்சின்

தமீம் பாயின் பழைய செவர்லேயில் எஞ்சின் விரிசல் விட்டது மழைக்காலத்தில். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அவர் டாக்ஸி நின்ற இடத்தில் இப்போது வேறொருவன் நிற்கிறான். வண்டித் தணிக்கை இன்ஸ்பெக்டர் இரண்டு தவணை கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை வண்டியை ஓட்டிக் காட்டாவிட்டால் பர்மிட் ரத்து. அது போனால் பாய் மறுபடியும் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்க வேண்டியதுதான்.

அந்த வண்டிக்கு உதிரிபாகம் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் படகு ஒன்றிலிருந்து மண்ணாங்கட்டி நைனா ஓர் எஞ்சினைப் பிடித்தார். அவர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிற ஃபிட்டர். அந்தப் படகில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு இருந்தன. இடது பக்கத்தது அதிகம் தேயவில்லை. அதை எடுத்துக்கொண்டார்.

எனக்குத் துறைமுகப் பம்ப் ஹவுசில் இராத்திரி வேலை. காலேஜை விட்டதிலிருந்து பகலில் தூக்கம் வருவதில்லை. காசிமேட்டில் மண்ணாங்கட்டியின் கொட்டகைக்குப் போய் அவர்களுக்குச் சங்கிலி பிடித்தேன். பழைய எஞ்சினைத் தூக்கினோம். புதியதை இறக்கி, தடித்த தகடு வெட்டி நடுவில் வைத்து, வண்டியின் பழைய கியர் பெட்டியோடு முடுக்கினோம். ஞாயிறு சாயங்காலம்தான் முடிந்தது.

திங்கள் காலை மண்ணாங்கட்டியே ஹேண்டிலைச் சுற்றினார். ஒரே சுற்றில் பிடித்தது. சத்தம் சீராக இருந்தது. பாய் பிஸ்மில்லா சொல்லி முதல் கியர் போட்டார். வண்டி பின்னால் போய் எண்ணெய் டிரம்மில் இடித்தது.

“இன்னா பாய், ரிவர்ஸ் போட்டுகினியா?”

“எனக்கே கியர் சொல்லித் தர்றியா நைனா?”

இரண்டாவது போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டதும் மெதுவாக முன்னால் வந்தது.

மண்ணாங்கட்டி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா படவு ஒரு பக்கமா இழுக்கும். அதுக்கோசரம் இடது எஞ்சின எதிர்ச்சுத்தா செஞ்சி வச்சிருப்பான். ஹேண்டிலையும் நான் எதிர்பக்கம்தான் சுத்துனேன். கைக்குப் பழக்கம், தோணவே இல்ல.”

“இப்ப இன்னா செய்ய?”

“பின் அச்ச கயட்டி தலகீயா திருப்பிப் போடணும். ரெண்டு நாளு ஆவும்.”

பாய் என்னைப் பார்த்தார். “ஏறு துரை. ரிவர்ஸ்லயே போலாம்.”

ரிவர்ஸ் கியரில் முன்னால் போனோம். வண்டி கத்தியது. சைக்கிள்கள் முந்திப் போயின. ஒரு ஜட்காக்காரன் பக்கத்திலேயே வந்து, “இன்னா சாயபு, உள்ள பொணம் எதனா கீதா? இவ்ளோ மருவாதியா போற?” என்றான். 

தணிக்கை மைதானத்தில் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். எஞ்சின் சத்தம் நன்றாக இருக்கிறது என்றார். பாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஊர்ந்தது.

“ரெண்டாவது கியர் போடுங்க.”

பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“போடுங்க பாய்.”

“பின்னால போவும் சார்.”

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. வண்டியை நிறுத்தி, போடச் சொன்னார். போட்டார். கோடு கிழித்தமாதிரி நேராகப் பின்னால் போனது.

“ரெண்டே நாளு குடுங்க சார். சரி பண்ணிடலாம்.”

“ரெண்டு தடவை கொடுத்தாச்சு.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. இறங்கிப் போய் பர்மிட் ரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும்போதும் அதே கியர்தான். கொட்டகையில் மண்ணாங்கட்டி ஜாக்கியோடு நின்றிருந்தார். பாய் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார்.

புதன்கிழமை காலை என் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். நிலக்கரி ஆட்கள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அதில் பாயும் நின்றார், தோளில் சாக்கோடு.

“நைனா அச்ச திருப்பிட்டாரு பாய். நேத்து ஓட்டிப் பாத்தோம். முன்னாலதான் போவுது.”

“போவட்டும்” என்றார்.

கேட்டைத் திறந்தார்கள். வரிசை நகர்ந்தது. நான் பஸ் ஏறப் போனேன்.