சூடாகாத ப்ராசஸரும் போடாத டீயும்

இந்தக் காலத்தில் எவனும் டீ குடித்த க்ளாஸைத் திருப்பித் தருவதில்லை. ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறான். கேட்டால் போனைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறான். தணிகாசலத்துக்கு இது இருபது வருஷத்து எரிச்சல்.

ஒரகடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவர் டீ மாஸ்டர். அடுப்பு கிடையாது. மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் ப்ராசஸர்மேல் பால் சட்டியை வைப்பார். நாற்பது நிமிஷத்தில் பொங்கிவிடும். அந்த ப்ராசஸரைக் கம்பெனி வாங்குவதே தன் டீக்காகத்தான் என்று நினைத்திருந்தார்.

அன்று பர்ச்சேஸ் மேடம் எஸ்தர் சட்டியோடு வரச் சொன்னார். வேறு கம்பெனி ப்ராசஸர் வாங்கப் போகிறார்களாம். அது சூடே ஆகாதாம்.

சூடாகாவிட்டால் பால் கொதிக்காது. பால் கொதிக்காவிட்டால் தணிகாசலம் எதற்கு?

பர்ச்சேஸ் அறைக்குப் போகும் வராந்தா போன வாரத்தைவிட நீண்டிருந்தது. நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் வைத்திருந்தார்கள். அவர் நடந்தே போனார். சட்டியோடு ஏற்ற மாட்டார்கள்.

அறையில் பழைய ப்ராசஸரை விற்கும் கம்பெனி ஆள் பதினொரு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதுவரை ஆள், எதுமுதல் நாற்காலி என்று சொல்ல முடியவில்லை. புதுக் கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு மேடத்தின் பேனா மூடிமேல் நின்றிருந்தான்.

“போன வருஷம் என் இடுப்பு உயரம் இருந்தியேப்பா?” என்றார் தணிகாசலம்.

“வருஷா வருஷம் சின்னதாகிறோம், ஐயா. அதான் எங்க பெருமையே.”

“வீட்ல சோறு போடுறாங்களா இல்லையா?”

“ரெண்டுலயும் டீ போடுங்க மாஸ்டர்,” என்றார் மேடம். “பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

தணிகாசலம் ஐந்து க்ளாஸை வரிசையாக வைத்தார். புது ப்ராசஸர்மேல் சட்டியை வைக்கக் குனிந்தார். நிமிர்வதற்குள் ஐந்து க்ளாஸின் அடியிலும் டீக்கறை. மேடம் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இன்னும் போடவே இல்லையே!”

“குடிச்சாச்சு மாஸ்டர். வேகம்.”

அடுத்தது பழையது. நாற்பது நிமிஷம் எல்லோரும் சட்டியையே பார்த்தார்கள். பழைய கம்பெனி ஆளின் தோளில் ஒரு துளிர் விட்டது. பால் பொங்கி வழிந்தது.

“பழசுதான்,” என்று மேடம் கையெழுத்துப் போட்டார்.

தணிகாசலத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. “என் டீ அவ்வளவு நல்லா இருந்துச்சாம்மா?”

“பழசுல போட்டதை நான் எங்க குடிச்சேன்?”

“அப்புறம் எப்படி?”

“புதுசு வாங்கினா ஏன்னு எட்டுப் பக்கம் எழுதணும். பழசுக்கு ‘வழக்கம்போல’ன்னு எழுதினாப் போதும். கம்ப்யூட்டர் போர்டுல ப்ராசஸர் கால் மாட்டுற ஓட்டையும் பழசுக்குத்தான் போட்டு வச்சிருக்கு.”

“எது நல்ல சரக்குன்னு பார்க்கவே மாட்டீங்களா?”

“ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லை.”

“அப்ப என் வேலை?”

“வழக்கம்போல.”

“டீயாலதான்னு ஒரு வரி எழுதக் கூடாதா?”

“அதுக்கும் கட்டம் இல்லை, மாஸ்டர்.”

அவர் க்ளாஸ்களைப் பொறுக்கினார். ஒன்றுக்குள் புதுக் கம்பெனி ஆள் நின்றிருந்தான்.

“அடுத்த வருஷம் பார்க்கலாம், ஐயா.”

“அடுத்த வருஷம் உன்னை எங்கடா பார்க்கிறது?”

அவனை மேஜைமேல் கொட்டிவிட்டு நடந்தார். வராந்தாவில் இன்னும் இரண்டு பஸ் ஸ்டாப் முளைத்திருந்தது. நாக்கில், அவர் போடாத டீயின் ருசி ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றாகவே இருந்தது. அதையும் அவர் நம்பவில்லை.