எல்லாப் பொருளும் இயக்குநரே

உலகத்துக்கே திறந்துவிடப் போகிற தரவில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான், இயக்குநர் பூதலிங்கம் பதவிக்கு வந்த பிறகு கேட்ட முதல் வேதியியல் கேள்வி.

"முகப்பில உண்டு சார், படத்தோட," என்றாள் லிபி.

"முகப்ப ஆரு நோக்குவா? ஒவ்வொரு மருந்திலயும் நான் வரணும், கேட்டியா?"

திருவனந்தபுரத்து ஆய்வு நிலையம் அது. எந்த வேதிப்பொருள் எவ்வளவு நஞ்சு என்று லிபி வருடக்கணக்காகச் சோதித்துத் திரட்டியிருந்தாள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்ற கட்டற்ற மென்பொருளில் அதை ஏற்றி, வெளிநாட்டுத் தரவுத்தளங்களோடும் இணைத்திருந்தாள். ஓர் இணைப்பு பிசகினால் எங்கோ ஒருவன் நஞ்சை மருந்தென்று நம்பிக் கையில் எடுப்பான். அவளுக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இயக்குநரின் பயம் வேறு. அதைத் தீர்க்க வந்தவன் கணினிப் பிரிவு ரதீஷ். பொருளையும் ஆளையும் இணைக்க, 'இதை வழங்கியவர் இவர்' என்று ஓர் இணைப்பு உண்டு; 'இதுவும் இவரும் ஒன்றே' என்று இன்னொன்றும் உண்டு. பணிவு மிகுதியில் ரதீஷ் இரண்டாவதைப் போட்டுவிட்டான். கணினிக்கு முகத்துதி தெரியாது, சொன்னதை நம்பும். காபீனும் பூதலிங்கமும் ஒன்று, எலிப்பாஷாணமும் பூதலிங்கமும் ஒன்று. ஆகவே காபீனும் எலிப்பாஷாணமும் ஒன்று; ஒன்றின் குணம் எல்லாவற்றுக்கும் குணம்.

திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஒரு காய்ச்சல் மாத்திரையின் பெயரைத் தட்டினார். திரை நிறையப் பூதலிங்கம். படத்தின் கீழே: 'மணம்: அழுகிய மீன். எளிதில் தீப்பற்றும். வெறுங்கையால் தொடக்கூடாது.' கைதட்டுகிறவன் என்றைக்குப் படித்திருக்கிறான்? முன்வரிசைப் பேராசிரியர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

லிபி எழுந்தாள். மேடையோரம் போய் இயக்குநரின் காதில் சொன்னாள். கண்ணாடியை மாட்டிப் படித்தவரின் முகம் கறுத்தது.

"எடே ரதீஷே, அந்த நாத்தத்த எடு. தீயையும் எடு. போட்டோ இருக்கட்டு."

"இணைப்பத்தான் சார் மாத்தணும். நாத்தத்த எடுத்தா எல்லாத்துக்கும் எச்சரிக்கை போவும். எலிப்பாஷாணத்துக்கும் போவும்," என்றாள் லிபி.

"இணைப்ப மாத்தினா?"

"உங்க பேரு மட்டும் கீழ மூலையில வரும்."

"மூலையிலயா? ரதீஷே, நாத்தத்த எடு."

ரதீஷ் விசையில் ஒரே தட்டு. நிலையத்தின் கணக்கில் அதற்குப் பிறகு உலகில் நஞ்சே கிடையாது. எல்லாம் மணமற்றது, தீங்கற்றது, பல்லைக் காட்டிச் சிரிப்பது.

கூட்டம் பாயசத்துக்கு நகர்ந்தது. லிபி பின்வரிசையில் உட்கார்ந்து, இயக்குநர் புகுவதற்கு முந்தைய சுத்தமான பிரதியைப் பொதுவில் வேறொரு முகவரியில் ஏற்றினாள். இணைந்திருந்த வெளித்தளங்களுக்கெல்லாம் எழுதினாள்: அதை அறுத்துவிடுங்கள், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாயசக் கிண்ணத்தோடு பூதலிங்கம் வந்து நின்றார். "ஆருகிட்ட கேட்டு எடுத்த பிள்ளே?"

"ஆருகிட்டயும் கேக்காண்டாம் சார். எல்லாருக்கும் திறந்ததுன்னு இப்பத்தான மைக்கில பறஞ்சீங்க."

"அப்போ நாளைக்கு நீ வராண்டாம்."

"செரி சார்."

வெளித்தளங்கள் ஒவ்வொன்றாக லிபியின் பிரதிக்கு மாறின. அவற்றில் நஞ்சு நஞ்சாகவே இருந்தது. உலகத்தோடிருந்த தொடர்பெல்லாம் அறுந்த நிலையத்தின் தளத்தில் பூதலிங்கம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த விருதுக் குழுவுக்கும் தெரியாது. 'தீங்கற்ற தரவு' என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கரமனையிலுள்ள தன் வீட்டில் காலைச் செய்தித்தாளில் அந்தப் பொன்னாடைப் படத்தைப் பார்த்தாள் லிபி. தாளை மடித்து வைத்துவிட்டு, எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். 'வெறுங்கையால் தொடக்கூடாது' என்ற எச்சரிக்கை அவளுடைய பிரதியில் அப்படியே இருந்தது.